நிழற்படமும் ஒளி வேறுபாடும்



கமராவினால் எடுக்கப்படும் படத்துக்குத் தமிழிலே இரு பெயர்கள் வழங்குகின்றன. ஒளிப்படம் என்பாரும் உளர். நிழற்படம் என்பாரும் உளர். ஒன்றுக்கொன்று மாறான இவ்விரு பெயர்களும் ஒரே பொருளுக்குப் பொருந்தி நிற்பது வியப்பன்று. ஒளி மட்டும் இருந்தால் அது வெறும் வெள்ளைத் தாள். நிழல் மட்டும் இருந்தால் வெறும் கரி. இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டினாலேயே படம் படமாகின்றது. அவ்வேறுபாட்டை ஆங்கிலத்திலே கொன்ட்ராஸ்ட் என்பர். தமிழிலே நாம் அதனை ஒளி வேறுபாடு எனலாம். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் உள்ள படத்திருத்தச் செயலிகளைக் கொண்டு இவ்வேறுபாட்டைக் கூட்டுவது எவ்வாறு, கூட்டும்போது நிகழ்வது யாது, எங்கே நிறுத்தல் வேண்டும் என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

இது படம்பிடிப்போருக்கு மட்டும் உரிய செய்தி என எண்ண வேண்டா. இடம்பெயர்ந்து அலைந்த காலத்திலே வீட்டோடு படப்புத்தகங்களையும் இழந்த குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. மறைந்த தந்தையின் முகத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு அவர்களிற் சிலரிடம் எஞ்சியிருப்பது மங்கிப்போன ஒரே ஒரு படந்தான். பாடசாலைகளோ நூற்றாண்டு விழா மலருக்காகப் பழைய குழுப்படங்களைத் தேடி எடுக்கின்றன. இத்தகைய படங்களைத் தெளிவாக்க விரும்பும் ஒருவர் முதலிலே தொடுவது ஒளி வேறுபாட்டைக் கூட்டும் பொத்தானையே. அதனை அறிந்து தொட்டால் மறைந்த முகம் வெளிப்படும். அறியாது தொட்டால் எஞ்சியிருந்த முகமும் மறையும்.

முதலிலே நமது கண்ணின் இயல்பைச் சிறிது நோக்குவோம். கண் ஒளியை அளக்கும் கருவியன்று. ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி. மல்லிகைப் பூவை வெள்ளைத் துணியின்மேல் வைத்தால் அது துணியோடு துணியாகிவிடும். அதே பூவைக் கருங்கூந்தலிலே சூடினால் தெருக்கோடியிலிருந்தே தெரியும். பூவின் வெண்மை மாறவில்லை, அயல் மாறியது. பாரிசு நகரின் கொபெலின் நெசவுக்கூடத்திலே சாயப் பகுதியின் பொறுப்பாளராக இருந்த செவ்ரேல் என்னும் இரசாயன அறிஞரிடம், கறுப்பு நூலின் நிறம் சரியில்லை என்று முறையிட்டனர். ஆராய்ந்த அவர், குறை நூலிலே இல்லை, அதனை அடுத்து நெய்யப்பட்ட நிறங்களிலேயே உளது எனக் கண்டார். ஒரு நிறத்தின் தோற்றத்தை அதன் அயல்நிறம் மாற்றும் என்னும் இவ்வுண்மையை விரித்து 1839ஆம் ஆண்டிலே அவர் நூல் வெளியிட்டார். படத்திருத்தத்தின் அடிப்படையும் இதுவே. ஒரு முகம் தெரிவதும் தெரியாததும் அதன் ஒளியளவை மட்டும் பொறுத்ததன்று. கன்னத்துக்கும் மூக்குக்கும், நெற்றிக்கும் கூந்தலுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டையும் பொறுத்தது.

இனிக் கணினியினுள்ளே செல்வோம். கணினிக்குப் படம் என்பது எண்களின் அடுக்கு. படம் சிறு சிறு புள்ளிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியளவைக் குறிக்கும் எண் கொடுக்கப்படுகின்றது. வழக்கமான முறையிலே முழுக் கறுப்பு 0. முழு வெண்மை 255. ஆக 256 படிகள் கொண்ட ஏணி அது. வண்ணப் படமாயின் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றுக்கும் தனித்தனியே இத்தகைய ஏணி உண்டு. எந்தப் படியிலே எத்தனை புள்ளிகள் நிற்கின்றன என்பதைச் செயலி ஒரு மலைத்தொடர் போன்ற வரைபடமாகக் காட்டும். நல்ல ஒளியுள்ள படத்திலே அம்மலை பெரும்பாலும் இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை பரந்திருக்கும். மங்கிய படத்திலே நடுவில் மட்டும் குவிந்து கிடக்கும். இருண்டிருக்க வேண்டிய கூந்தல் வெளிறி 90இலே நிற்கும். வெண்மையாயிருக்க வேண்டிய சட்டை பழுப்பேறி 170இலே நிற்கும். ஏணியின் மேலும் கீழும் வெறுமையாய்க் கிடக்கும்.

இப்படத்தைத் திருத்தும் வழி எளிது. லெவல்ஸ் என்னும் கருவியிலே, 90ஐ 0 ஆகவும் 170ஐ 255 ஆகவும் கொள்க எனப் பணித்தால், இடையிலுள்ள எல்லா எண்களும் அவற்றின் விகிதப்படி விரிந்து நிற்கும். முன்பு 120இல் இருந்த கன்னம் 96க்கு இறங்கும். 130இல் இருந்த நெற்றி 128ஆக நிற்கும். 10 படியாக இருந்த இடைவெளி 32 படியாகிவிட்டது. கண்ணும் வாயும் தெளிகின்றன. பார்ப்பவர், மறைந்திருந்த ஒன்றைக் கணினி புதிதாகப் படைத்துவிட்டது என மயங்குவர். உண்மையிலே அது எதையும் படைக்கவில்லை. நெருங்கி நின்றவற்றை விலக்கி நிறுத்தியது, அவ்வளவே. முன்பிருந்த 81 படிகளே இப்போதும் உள்ளன. விலகிய படிகளுக்கிடையே வெற்றிடங்கள் தோன்றியுள்ளன. அளவுக்கு மேல் விரித்தால் அவ்வெற்றிடங்கள் கண்ணுக்கே தெரியும். வானமும் சுவரும் மென்மையாக மாறிச் செல்லாது, பட்டை பட்டையாகக் காட்சி தரும். இதனைத் தவிர்க்க விரும்புவோர் பழைய படத்தை ஸ்கேன் செய்யும்போதே 16 பிற் அளவிலே பதிவு செய்தல் நன்று. அதனாலே 256 படிகளுக்குப் பதிலாக 65,536 படிகள் கிடைக்கின்றன.

மங்கிய படத்துக்கு நன்மை செய்யும் இதே செயல், மங்காத படத்துக்குத் தீமை செய்தலும் உண்டு. நம் நாட்டுப் பாடசாலைக் குழுப்படம் ஒன்றை மனத்திலே கொள்க. பிள்ளைகள் வெள்ளைச் சீருடையிலே வெயிலில் நிற்கின்றனர். சீருடையின் ஒளியளவு 215 முதல் 240 வரை. வெயில் தலைக்கு மேலிருந்து விழுவதால் முகங்களிலே நிழல். அங்கே அளவு 40 முதல் 60 வரை. படம் எடுப்பாக இல்லை என்று கருதி ஒருவர் கொன்ட்ராஸ்ட் பொத்தானை நகர்த்துகின்றார். எளிய செயலிகளிலே அப்பொத்தான் செய்வது ஒரு பெருக்கற் கணக்கே. நடுவெண்ணாகிய 128இலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் உள்ளதோ அத்தூரத்தை அது பெருக்குகின்றது. இரு மடங்காக்கினால் 60 என்பது பூச்சியத்துக்கும் கீழே செல்ல வேண்டும். 40 அதற்கும் கீழே. பூச்சியத்துக்குக் கீழே படியில்லை. ஆகவே இரண்டும் பூச்சியமாகின்றன. அவ்வாறே 215உம் 240உம் 255இலே முட்டி ஒன்றாகின்றன. சட்டையின் மடிப்பு மறைந்தது; அது சிறு நட்டம். ஆனால் மூக்குக்கும் கன்னத்துக்கும் இடையே இருந்த வேறுபாடும் அழிந்தது. முகம் கறுப்புக் கறையாயிற்று. அப்படத்தைச் சேமித்து மூடிய பின்னர், எந்தப் பொத்தானாலும் அவ்வேறுபாட்டை மீட்க இயலாது. இரண்டு எண்கள் ஒன்றாகிவிட்டால், முன்பு அவை எவையாயிருந்தன என்பதைக் கணினி அறியாது.

கருமை பொருந்திய முகங்கள் இவ்வாறு இழப்புக்குள்ளாவது இன்று தோன்றிய குறையன்று. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே வட அமெரிக்க வண்ணப்பட நிலையங்களில் நிறத்தைச் சரிபார்ப்பதற்கு வழங்கிய மாதிரி அட்டைகளில் இருந்தது வெள்ளைத் தோலுடைய ஒரு பெண்ணின் படம். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி எனக் கொள்ளப்பட்டது. குறை நம் முகத்திலே இல்லை, அளவுகோலிலே உளது என்பதை இதனால் உணரலாம். எனவே நம் பிள்ளைகளின் படத்தைத் திருத்துவோர் சீருடையின் வெண்மையை அளவுகோலாகக் கொள்ளாது முகத்தையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும்.

அதற்கு உதவும் கருவி கேர்வ்ஸ் எனப்படும் வளைகோடு. ஒரு சதுரத்தின் கீழ்மூலையிலிருந்து மேல்மூலைக்குச் சாய்வாக ஒரு நேர்கோடு செல்லும். கிடையாகப் பழைய அளவு. நிலைக்குத்தாகப் புதிய அளவு. கோடு நேராயிருக்கும்வரை படம் மாறாது. அதனை வளைத்தால், எவ்விடத்திலே கோடு செங்குத்தாக எழுகின்றதோ அவ்விடத்து ஒளி வேறுபாடு கூடும்; எவ்விடத்திலே படுத்துக் கிடக்கின்றதோ அவ்விடத்திலே குறையும். இங்கேதான் ஒரு கண்டிப்பான நியதி உண்டு. ஏணியின் மொத்த உயரம் 255, அது கூடாது. ஓரிடத்திலே மிகுதியாகச் செலவிட்டால் மற்றோரிடத்திலே குறைத்தே ஆகவேண்டும். வாய்க்கால் நீர் போன்றது அது. ஒரு வயலுக்கு மடையைத் திறந்தால் மறுவயலுக்குக் குறையும். பலரும் கற்பிக்கும் முறை கோட்டை ஆங்கில எழுத்தாகிய எஸ் போல வளைப்பது. அது நடுத்தர ஒளிக்கு வேறுபாட்டைக் கூட்டி இருளிலும் வெளிச்சத்திலும் குறைக்கும். இயற்கைக் காட்சிகள் பலவற்றுக்கு அது பொருந்தும். நாம் கூறிய குழுப்படத்துக்கோ அது பொருந்தாது. அங்கே முகங்கள் இருட்பகுதியிலே நிற்கின்றன. ஆகவே கோட்டின் கீழ்ப்பகுதியைச் செங்குத்தாக எழச்செய்து, மேற்பகுதியைச் சற்றுப் படியவிடல் வேண்டும். சட்டை சிறிது மங்கும், முகம் தெரியும். எதனை இழந்து எதனைப் பெறுவது என்னும் தீர்ப்பைப் பொத்தான் கூறாது. திருத்துபவரே கூறல் வேண்டும்.

இத்தீர்ப்பு கணினிக்கு முந்தியது. இருட்டறையிலே படங் கழுவியோர் மென்மையான வேறுபாடு தரும் தாள், கடுமையான வேறுபாடு தரும் தாள் எனத் தர எண்ணிட்ட தாள்களை வைத்திருந்தனர். நிறவடிகட்டியை மாற்றி ஒரே தாளிலே பல தரங்களைப் பெறும் முறையை இல்ஃபோர்ட் நிறுவனம் 1940ஆம் ஆண்டிலே மல்டிகிரேட் என்னும் பெயரால் வழங்கியது. மேலும், ஒளி விழும்போது கம்பியிலே பொருத்திய அட்டைத் துண்டினால் ஒரு முகத்தை மறைத்து அதனை வெளிறச் செய்வர்; கையைக் குவித்து ஓரிடத்திலே மட்டும் ஒளியை விட்டு அதனைக் கருகச் செய்வர். தோமஸ் நோல், ஜோன் நோல் என்னும் சகோதரர் உருவாக்கி 1990ஆம் ஆண்டிலே வெளிவந்த போட்டோஷொப் செயலியிலே இவ்விரு தொழில்களும் டொட்ஜ், பேர்ன் என்னும் பழைய பெயர்களோடேயே வாழ்கின்றன. கருவிப் பட்டியிலே அவற்றின் அடையாளமாக இன்றும் காணப்படுவன அந்த அட்டைத் துண்டும் அந்தக் கையுமே.

நம் நாட்டிலே இக்கலையிற் சிறந்து விளங்கியவர் கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட். 1900ஆம் ஆண்டிலே பிறந்து 1944இலே மறைந்த அவர் பியானோ இசையிலும் வல்லவர். அவர் எடுத்த இலங்கை மக்களின் படங்களை 1950ஆம் ஆண்டிலே வெளிவந்த தொகுப்பு நூலிலே காணலாம். அவற்றிலே கரிய மேனி வெறுங் கருமையாக நிற்பதில்லை. கருமைக்குள்ளே எத்தனையோ படிகள் விளங்குகின்றன. கணினி இல்லாத காலத்திலே ஆனது, இன்று நமக்கு ஆகாதா?

இனி, உண்மையைப் பற்றிய வினா ஒன்றுண்டு. 1994ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, கொலைக் குற்றஞ் சாட்டப்பட்ட ஓ. ஜே. சிம்சன் என்னும் அமெரிக்க விளையாட்டு வீரரைப் பொலிசார் எடுத்த ஒரே படத்தை, டைம், நியூஸ்வீக் என்னும் இரு சஞ்சிகைகள் அட்டையிலே வெளியிட்டன. நியூஸ்வீக் படத்தை உள்ளவாறே விட்டது. டைம் அதனை இருளச் செய்து வெளியிட்டது. இரண்டும் ஒரே கடையிலே அடுத்தடுத்துக் கிடந்தன. கறுப்பின மனிதர் ஒருவரை மேலும் கருமையாக்கி, விசாரணைக்கு முன்னரே அச்சமூட்டும் உருவமாக்கிவிட்டனர் என்று பெருங் கண்டனம் எழுந்தது. அப்படத்திலே எதுவும் சேர்க்கப்படவில்லை, எதுவும் வெட்டப்படவில்லை எனலாம். ஆயினும் அது சொன்ன செய்தி மாறியது. 2015ஆம் ஆண்டு உலகச் செய்திப்படப் போட்டியிலே, இறுதிக்கு முந்திய சுற்றை எட்டிய படங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விலக்கப்பட்டது. காட்சியிலிருந்த பொருள்கள் கருமைக்குள் மறையுமாறு இருட்டியமையும் அதற்குக் காரணங்களுள் ஒன்று. ஒளி வேறுபாடு அலங்காரம் மட்டுமன்று, அது சாட்சியமுமாகும் என்பதை இவை உணர்த்துகின்றன.

நிறைவாகச் சில நடைமுறைகளைக் கூறுகின்றேன். மூலப்படத்தை ஒருபோதும் திருத்தற்க. பிரதியெடுத்து அதனையே திருத்துக. காகிதப் படத்தையும் ஸ்கேன் செய்த பின்னர் எறிந்துவிடாது பேணுக. முதலிலே லெவல்ஸ் கருவியால் இரு கோடிகளையும் சரிசெய்து, பின்னரே வளைகோட்டைத் தொடுக. பணங் கொடுத்துச் செயலி வாங்க இயலாதோர் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் செயலியைப் பயன்படுத்தலாம்; அதிலும் இக்கருவிகள் உள்ளன. திரையிலே நன்றாகத் தோன்றும் படம் அச்சிலே வேறாகலாம். மை தாளிலே ஊறிப் பரவுவதால் இருண்ட பகுதிகள் மேலும் இருளும். ஆகவே விழா மலருக்குக் கொடுக்கும் படத்தின் இருளைச் சற்றுத் திறந்து கொடுத்து, அச்சகத்திலே மாதிரித் தாள் ஒன்று பெற்றுப் பார்த்த பின்னரே முழுமையாக அச்சிடச் சொல்லுக.

மாதிரித் தாளைப் பார்க்கும்போது நடுவிலே மாலையோடு அமர்ந்திருக்கும் பிரமுகரைப் பார்க்க வேண்டா. அவர் முகம் எப்படியும் தெரியும். பின்வரிசையின் ஓரத்திலே, மர நிழல் பட்டு நிற்கும் மாணவனைப் பாருங்கள். அவனைப் பெற்றவள் அத்தாளைக் கையில் வாங்கினால், விரலை வைத்து, இவன் என் மகன் என்று சொல்லக்கூடுமா? கூடுமாயின் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிடலாம்.