அளவுக்கு மீறிய வியர்வைக்கு ஊசி சிகிச்சை: மூத்தோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

நம் ஊர் வெப்பத்தில் வியர்ப்பது இயல்பு. ஆனால், குளிர்சாதன அறையில் அமர்ந்திருக்கும்போதும் சட்டை நனைந்தால், அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய ஒன்று. வெட்கப்பட வேண்டாம். இதற்குச் சிகிச்சை உண்டு.

முதலில் காரணத்தைக் கண்டறியுங்கள்

இளம் வயதிலிருந்தே அக்குள், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகிய இடங்களில் மட்டும் அதிகம் வியர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் வேறு நோய் இருப்பதில்லை. வயதான பிறகு புதிதாகத் தொடங்கும் வியர்வை அப்படியன்று. உடல் முழுவதும் வியர்த்தாலோ, இரவில் படுக்கை நனைந்தாலோ, பின்வருபவை காரணமாக இருக்கலாம்:

• இரத்தச் சர்க்கரை அளவு குறைதல்
• தைராய்டு சுரப்பிக் கோளாறு
• கிருமித்தொற்று
• நீங்கள் உட்கொள்ளும் மருந்து

பலதுறை மருந்தகத்திற்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ செல்லுங்கள். உங்கள் மருந்துகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். நீங்களாகவே எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம்.

நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறலுடன் திடீரெனக் குளிர்ந்த வியர்வை வந்தால், உடனே 995ஐ அழையுங்கள்.

ஊசி எப்போது தேவைப்படும்?

வழக்கமாக, அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு மருந்தை மருத்துவர் முதலில் தருவார். இரவில், நன்கு உலர்ந்த தோலில் அதைப் பூசி, காலையில் கழுவ வேண்டும். அதில் பலன் இல்லையென்றால், தோல் நிபுணர் ஊசியைப் பரிந்துரைக்கலாம்.

ஊசி எப்படிச் செயல்படுகிறது?

ஊசியில் உள்ளது போட்டுலினம் எனும் மருந்து. முகச் சுருக்கத்திற்குப் போடப்படுவதும் இதே வகை மருந்துதான். வியர்வைச் சுரப்பிகளை நரம்புகள் தூண்டுவதை இது தற்காலிகமாகத் தடுக்கிறது. ஒவ்வோர் அக்குளிலும் மெல்லிய ஊசியால் 10 முதல் 15 இடங்களில் போடுவார்கள். பொதுவாக அன்றே வீடு திரும்பலாம்.

ஓரிரு வாரத்தில் வியர்வை குறையும். பலருக்கு இதன் பலன் ஏறத்தாழ ஆறு மாதம் நீடிக்கும். பிறகு மீண்டும் போட வேண்டியிருக்கும். ஆகவே, மொத்தச் செலவை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

பக்க விளைவுகள்

ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், இரத்தக்கட்டு ஏற்படலாம். உள்ளங்கையில் போட்டால், சில வாரங்களுக்குப் பிடிமானம் தளரக்கூடும். கைத்தடி அல்லது கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நடப்பவர்கள் இதை முன்னரே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தடுமாறி விழும் அபாயம் உண்டு.

ஊசிக்குப் பிறகு விழுங்கவோ, பேசவோ, மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால், 995ஐ அழையுங்கள். இது அரிது. ஆனால், சில நாள் கழித்தும் ஏற்படலாம்.

மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்

• தசைகளைப் பலவீனப்படுத்தும் நரம்பு அல்லது தசை நோய் இருந்தால்
• இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொண்டால்
• ஊசி போடும் இடத்தில் புண் அல்லது கிருமித்தொற்று இருந்தால்
• முன்பு ஏதேனும் ஊசி அல்லது மருந்து ஒவ்வாமல் போயிருந்தால்

இந்த ஊசியை மருத்துவரிடம் மட்டுமே போட்டுக்கொள்ளுங்கள். அழகு நிலையங்களில் போட்டுக்கொள்ள வேண்டாம்.