பெயர் எழுதிய ஏடும் பெயர் காத்த நாவும்

பாட்டனாரின் தந்தை பெயர் என்ன என்று கேட்டால் நம் வீடுகளில் பலர் சற்றுத் தயங்குவர். அவருக்கும் முற்பட்டவரின் பெயரைக் கேட்டாலோ, ஊரிலுள்ள முதியவர் ஒருவரை நாடிச் செல்ல வேண்டியிருக்கும். அம்முதியவரும் மறைந்துவிட்டால், பங்கு ஆலயத்தின் பழைய ஞானஸ்நான ஏட்டைத்தான் புரட்ட வேண்டும். தலைமுறைகளின் நினைவு தங்கியிருக்கும் இடங்கள் பெரும்பாலும் இவ்விரண்டே: ஒன்று ஏடு, மற்றொன்று நாவு. இவற்றுள் ஒன்று பொய்த்தால் மற்றொன்று எவ்வாறு கைகொடுக்கிறது என்பதை அமெரிக்க ஐக்கிய நாட்டுத் தென்மாநிலங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அவ்வரலாற்றில் நம் திருச்சபைக்குப் பெருமை தரும் பகுதியும் உண்டு. நாணித் தலைகுனிய வேண்டிய பகுதியும் உண்டு. ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே வாசகர் முன் வைக்கிறோம்.

குடும்ப விவிலியமும் கல்லறைத் தோட்டமும்

வர்ஜீனியா தொடங்கி டெக்சாஸ் வரை பரந்து கிடக்கும் தென்மாநிலங்கள் நெடுங்காலம் உழவை நம்பி வாழ்ந்தவை. புகையிலை, நெல், பருத்தி, கரும்பு ஆகியவையே அவற்றின் செல்வம். பூர்வகுடிகளின் நிலமாயிருந்த அப்பகுதியில் வந்து சேர்ந்தவர்கள் ஓரினத்தார் அல்லர். கடலோரத்தில் ஆங்கிலேயர் தோட்டங்கள் அமைத்தனர். 18-ஆம் நூற்றாண்டில் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து ஸ்காட்லாந்து வழிவந்த மக்கள் பெருந்தொகையாக வந்து அப்பலாச்சிய மலைச்சரிவுகளில் குடியேறினர். லூசியானாவில் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர் வாழ்ந்தனர். இவர்கள் எல்லாருக்குமாக வயலில் இறங்கி வியர்வை சிந்தும்படி, ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கானோர் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டனர்.

அம்மாநிலங்களில் பெரும்பாலானவற்றில், பிறப்பை மாநிலம் முழுவதற்குமாக அரசு பதிவு செய்யும் முறை 20-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில்தான் நிலைபெற்றது. அதற்கு முன்னர் நாட்டுப்புறக் குடும்பங்களின் பதிவேடாக விளங்கியது வீட்டு விவிலியமே. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் இடையே வைத்துக் கட்டப்பட்ட தனித் தாள்களில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை வரிசையாக எழுதி வைத்தனர். மலைப்பகுதி ஊர்களில் ஆண்டுக்கொரு முறை சிதறிப்போன உறவினர் அனைவரும் கல்லறைத் தோட்டத்தில் கூடுவர். புல் களைந்து, மலர் சூட்டி, கொண்டுவந்த உணவை அங்கேயே பகிர்ந்துண்டு, யார் யாருடைய பிள்ளை என்று முதியோர் சொல்ல இளையோர் கேட்பர். 'டெக்கரேஷன் நாள்' எனப்படும் இவ்வழக்கம் நம் கல்லறைத் திருநாளை நினைவுக்குக் கொண்டுவருகிறது.

அகதிகள் சுமந்த ஏடு

இனி லூசியானாவுக்கு வருவோம். இன்று கனடாவின் நோவா ஸ்கோஷியா எனப்படும் பகுதியில் அக்காடியர் என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கர் வாழ்ந்து வந்தனர். 1755-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆட்சியாளர் அவர்களை நாடு கடத்தத் தொடங்கினர். வீடுகள் எரிக்கப்பட்டன; குடும்பங்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டுத் திசைக்கொன்றாகச் சிதறடிக்கப்பட்டன. அவர்களுள் ஒரு பகுதியினர் 1760-களின் நடுவிலிருந்து லூசியானாவின் ஆற்றங்கரைகளில் வந்து குடியேறினர். 'அக்காடியர்' என்னும் பெயர் நாவில் தேய்ந்து 'காஜன்' ஆயிற்று.

உடைமையெல்லாம் இழந்த அம்மக்கள், தங்கள் கிராண்ட்-ப்ரே ஊரின் புனித சார்லஸ் ஆலயப் பதிவேடுகளை மட்டும் கைவிடவில்லை. நாடுவிட்டு நாடு அலைந்த காலத்திலும் அவற்றைச் சுமந்து லூசியானாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். இன்று அவை பேடன் ரூஜ் மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பொன்னையும் பொருளையும்விடத் தம் முன்னோரின் ஞானஸ்நானக் குறிப்பையே பெரிதெனக் கருதிய அம்மக்களின் நெஞ்சுறுதியை என்னென்பது! அம்மாநிலத்துக் குருவானவர் டோனல்ட் ஹெபெர் 1970-களில் தொடங்கி, பங்கு ஏடுகளிலும் நீதிமன்ற ஏடுகளிலும் உள்ள குறிப்புகளைத் திரட்டிப் பல தொகுதிகளாக வெளியிட்டார். வேர் தேடும் காஜன் குடும்பங்களுக்கு அவை பெருந்துணை.

பெயரில்லாப் பட்டியல்

ஆனால், அடிமைகளாக்கப்பட்டோரின் வழிவந்தவர்கள் வேர் தேடப் புகும்போது ஒரு பெருஞ்சுவர் எதிரே நிற்கிறது. 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் மக்கள் தொகைக் கணக்கில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் இருந்தது. அதில் எசமானின் பெயர் உண்டு. அதன்கீழ் வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே வரிசையாக இருக்கும். அடிமையின் பெயர் பெரும்பாலும் இராது. அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1865-இல். ஆகவே, அம்மக்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் நாட்டின் கணக்கில் முதன்முதலாக ஏறியது 1870-ஆம் ஆண்டில்தான்.

அச்சுவரில் ஒரு சிறு வாயில் திறந்திருப்பது லூசியானாவின் ஆலய ஏடுகளில். 1724-ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம் அடிமைகளுக்கு ஞானஸ்நானம் அளிக்க வேண்டும் என்றது. தப்பியோடியவரின் காதை அறுக்கச் சொன்னதும் அதே சட்டந்தான். அதன் கொடுமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், அச்சட்டத்தால் பங்குக் குருக்கள் ஏட்டில் பெயர்களை எழுதினர்: பிள்ளையின் பெயர், தாயின் பெயர், ஞானப் பெற்றோரின் பெயர், கூடவே எசமானின் பெயர்.

இந்த ஏடுகள் நம்மையே குற்றக் கூண்டில் நிறுத்திய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1838-ஆம் ஆண்டில் மேரிலாந்துச் சேசு சபையார், தம் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்த 272 பேரை 1,15,000 டாலருக்கு லூசியானாவின் தோட்ட முதலாளிகளுக்கு விற்றனர். ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைப்பது அதற்கு ஒரு காரணம். குடும்பங்களைப் பிரிக்கலாகாது, விசுவாச வாழ்வுக்கு வழி செய்ய வேண்டும் என்று உரோமையிலிருந்த சபைத் தலைவர் விதித்த நிபந்தனைகள் காற்றில் விடப்பட்டன. விற்பனைப் பட்டியலின் தலையில் இருந்த பெயர் ஐசக். அவருடைய பேரன் கார்னீலியஸ் ஹாக்கின்ஸுக்கு அப்போது வயது 13.

தம்மை விற்றவர்களின் வேதத்தை அச்சிறுவன் விட்டுவிடவில்லை என்பது நம் நெஞ்சைத் தைக்கும் செய்தி. அதன் பயனாக, லூசியானாவின் ஆலய ஏடுகளில் அவர் பெயர் தொடர்ந்தது. 1902-இல் மறைந்த அவரது கல்லறை மாரிங்குவின் ஊரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது. 2016-இல் ஆய்வாளர்கள் இத்தடயங்களைக் கோத்து, அவர் வழித்தோன்றல்களைக் கண்டறிந்தனர். 2017 ஏப்ரலில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் சேசு சபையாரும் வழிபாடு ஒன்றில் அவ்வழித்தோன்றல்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டனர். விற்பனையை நடத்திய குருவின் பெயரை முன்னர் தாங்கியிருந்த கட்டடத்துக்கு ஐசக் ஹாக்கின்ஸின் பெயர் சூட்டப்பட்டது. பாவத்துக்குச் சாட்சியாகவும் பரிகாரத்துக்கு வழியாகவும் ஏடே நின்றது.

நாட்டுப்புறப் பேச்சின் பெருமை

ஏட்டின் கதை இதுவாக, நாவின் கதையை இனிக் காண்போம். தென்மாநிலத்தாரின் ஆங்கிலம் இழுத்துப் பேசும் இயல்புடையது. அப்பேச்சைக் கேட்டாலே 'பட்டிக்காட்டான்' என்று நகைப்பது அந்நாட்டில் நெடுநாள் வழக்கம். ஆனால் அதில் அறிவுக்குறை யாதுமில்லை. பொது ஆங்கிலத்தில் 'யூ' என்ற ஒரே சொல் ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். தெற்கத்தியர் 'யூ', 'ஆல்' என்னும் இரண்டையும் இணைத்து 'யால்' என்று தனியொரு பன்மைச் சொல்லை ஆக்கிக்கொண்டனர். நம் 'நீங்கள்' செய்யும் வேலையை அது செய்கிறது. 'ஒருவேளை என்னால் முடியும்' என்பதற்கு அவர்கள் 'மைட் குட்' என்று இரு துணைவினைகளை அடுக்குவர். பள்ளியில் இது பிழை. ஆனால் இவ்வடுக்கு ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் வழங்குவது. ஆசிரியர் சிவப்பு மையால் அடித்த சொற்றொடர், முன்னோர் எங்கிருந்து கப்பலேறினர் என்பதைச் சுட்டும் கைகாட்டியாக இருந்தது!

அவ்வாறே வேர்க்கடலைக்குத் தெற்கில் வழங்கும் 'கூபர்' என்ற சொல் ஆப்பிரிக்காவின் காங்கோப் பகுதியிலிருந்து வந்தது. லூசியானாவின் புகழ்பெற்ற 'கம்போ' குழம்பின் பெயர் வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல். உண்பவர் அறியாமலே உண்கலத்தில் வரலாறு பரிமாறப்படுகிறது.

தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத் தீவுகளில் நெல் விளைவித்த ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தோர் கல்லா-கீச்சி மக்கள் எனப்படுவர். அவர்கள் மொழியைச் 'சிதைந்த ஆங்கிலம்' என்று கற்றோர் இகழ்ந்தனர். லாரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின அறிஞர் 1930-களில் ஒலிப்பதிவுக் கருவியுடன் அத்தீவுகளில் முதியோரை நாடிச் சென்றார். 1949-இல் அவர் வெளியிட்ட நூல் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்களை அம்மொழியில் காட்டியது. அவற்றுள் பெரும்பாலானவை மக்கட் பெயர்கள் என்பதுதான் வியப்பு. வெளியாருக்கு ஓர் ஆங்கிலப் பெயர். வீட்டில் அழைக்கக் 'கூடைப் பெயர்' என்ற ஒரு செல்லப் பெயர். எந்தப் பெயரை எழுதத் தேவையில்லை என்று நாட்டின் கணக்கேடு ஒதுக்கியதோ, அதனைத் தாய்மாரின் நாவு தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்திருந்தது.

டர்னர் பதிவு செய்தவற்றுள், ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் ஊரைச் சேர்ந்த அமீலியா டாலி என்ற பெண்மணி பாடிய சிறு பாட்டு ஒன்று. பொருள் தெரியாமலே தாயிடமிருந்து மகள் கற்றுவந்த பாட்டு அது. சியரா லியோன் நாட்டின் மெண்டே மொழி என்று பின்னர்த் தெரியவந்தது. 1990-களையொட்டி ஆய்வாளர்கள் அந்நாட்டுக்குச் சென்றனர். பாட்டிலிருந்த ஒரு சொல் அம்மொழியின் ஒரு வட்டார வழக்குக்கே உரியது என்று உணர்ந்து அவ்வட்டாரத்தில் தேடினர். செனெஹுன் ங்கோலா என்ற சிற்றூரில் பெய்ண்டு ஜபாட்டி என்ற பெண் அதே பாட்டைப் பாடினார்! இறந்தோரை வழியனுப்பும் சடங்குக்குரியது அது. தொலைந்துபோன உறவினர் என்றேனும் திரும்பினால் இப்பாட்டால் அடையாளம் காணலாம், மறவாதே என்று அவர் பாட்டி சொல்லி வைத்திருந்தாராம். 1997-இல் அமீலியாவின் மகள் மேரி மொரான் முதுமையைப் பொருட்படுத்தாது கடல் கடந்து அவ்வூருக்குச் சென்றார். எந்த அரசு ஏடும் காட்ட இயலாத ஊரை ஒரு வட்டாரச் சொல் காட்டிக் கொடுத்தது.

சிதைந்ததென்று இகழப்பட்ட அம்மொழியில் 2005-இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தது என்பதையும் இங்கே மகிழ்ச்சியுடன் குறிப்பிடுகிறோம்.

பிரம்பு செய்த பிரிவு

நாவைக் காக்கத் தவறினால் என்ன நேரும்? அதற்கும் லூசியானாவே சான்று. 1921-ஆம் ஆண்டின் மாநில அரசியல் சட்டம், அரசுப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என விதித்தது. பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேசிய காஜன் பிள்ளைகள் முழந்தாளிடச் செய்யப்பட்டனர். 'இனிப் பேசமாட்டேன்' என்று பலமுறை எழுத வைக்கப்பட்டனர். அவ்வாறு நாணமுற்ற பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தம் மக்களுக்கு அப்பேச்சைக் கற்பிக்க அஞ்சினர். நாடு கடத்தலும் தீயும் அழிக்க முடியாத மொழி, வகுப்பறை நாணத்தால் இரண்டே தலைமுறைகளில் தளர்ந்தது. பாட்டி சொல்லும் கதை பேரனுக்கு விளங்காமற்போயிற்று.

1968-இல் மாநில அரசு பிரெஞ்சு மொழியை வளர்க்க ஒரு மன்றத்தை நிறுவியது. 1974-ஆம் ஆண்டின் புதிய அரசியல் சட்டம், மக்கள் தம் மொழியையும் பண்பாட்டையும் பேணும் உரிமையை ஏற்றது. ஆயினும் தொடக்கத்தில் பிரான்சிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த ஆசிரியர் கற்பித்தது ஏட்டுப் பிரெஞ்சு. வீட்டுப் பிரெஞ்சு மீண்டும் பிழையாகத் தோன்றியது. பாட்டியின் பேச்சையே பாடமாக்க வேண்டும் என்று உணரப் பின்னும் காலம் பிடித்தது.

நம் கடமை

அன்புக் குடும்பத்தாரே! ஞானஸ்நான ஏட்டில் எழுதுகோலை வைக்கும் குருக்களாகிய நமக்கு இவ்வரலாறு ஓர் எச்சரிக்கை. எழுத்துப் பிழையின்றி, ஊர்ப் பெயர் விடாது, தாயின் பெயரைத் தெளிவாக எழுதுவது நம் பொறுப்பு. ஈரத்துக்கும் கரையானுக்கும் ஏட்டைப் பலியிடாமல் காப்பதும் நம் பொறுப்பே. நூறாண்டுக்குப்பின் எவரோ ஒருவர் அந்த ஒரு வரிக்காக நெடுந்தூரம் வரக்கூடும்.

பெற்றோராகிய உங்கள் பொறுப்போ இன்னும் பெரிது. வீட்டு முதியோரிடம் பெயர்களையும் ஊர்களையும் கேட்டு இவ்வாரமே ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். பாட்டி ஒரு பழஞ்சொல்லைச் சொல்லும்போது, 'அப்படிச் சொல்லக்கூடாது' என்று பிள்ளைகள் முன் திருத்தாதீர்கள். அதன் பொருளைக் கேளுங்கள். பிள்ளை பள்ளி மொழியை நன்கு கற்கட்டும். அதற்காக வீட்டு மொழியைக் குறித்து அது நாண வேண்டியதில்லை. அமீலியாவின் தாய் தம் மகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தபோது, அதன் பொருளை அவரும் அறிந்திருக்கவில்லை. ஆயினும் சொல் மாறாமல் சொல்லிக் கொடுத்தார். அதனால்தான் அவர் பேத்திக்கு வழி தெரிந்தது.