நண்டு ஓட்டின்மேல் ஓர் உப்புமானி

தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் 2024 டிசம்பர் தொடக்கத்தில் அரூர் வட்டாரத்தை வெள்ளக்காடாக்கியது, கடலில் பிறந்த ஃபெஞ்சல் புயல்தான். புதுச்சேரி அருகே கரையேறி, வலுவிழந்து உள்ளே நகர்ந்தபோது, பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. வங்கக்கடலின் சூடும் உப்பும் நம் ஊர்ச் சேதிதான்.

உப்புக்கும் புயலுக்கும் என்ன தொடர்பு? கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் நன்னீர், வங்கக்கடலின் மேல்நீரில் உப்பைக் குறைக்கிறது. உப்புக் குறைந்த நீர் அடர்த்தியும் குறைந்தது. அது மேலேயே தங்கி, அடியிலுள்ள குளிர்ந்த நீர் வந்து கலக்காமல் தடுக்கிறது. வெயிலில் சூடேறிய அந்த மேல்நீர்தான் புயலுக்குத் தீனி. செயற்கைக்கோளால் மேற்பரப்பைத்தான் பார்க்க முடியும். அடியில் நடப்பதை அறியக் கருவி நீருக்குள் இறங்கவேண்டும். சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இதற்காகவே கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தியிருக்கிறது.

மிதவை நின்ற இடத்திலேயே நிற்கும். கடலுயிரோ சுற்றித் திரியும். திமிங்கலத்தின் மீதும் ஆமையின் மீதும் கருவி பொருத்துவது பழைய வழக்கம். சிறு மீனும் நண்டும் கனத்த பெட்டியைச் சுமக்குமா? அதற்காக சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2018-ல் அறிமுகப்படுத்தியதே 'மரைன் ஸ்கின்' என்ற கருவி. சில கிராம் எடைதான். மின்சுற்று மெல்லிய சிலிக்கோன் ரப்பருக்குள் பொதிந்திருப்பதால், உடல் வளைந்தால் தானும் வளையும். நீலக்கால் நண்டின் ஓட்டில் ஒட்டிச் சோதித்தார்கள். நம் பாக் நீரிணை மீனவர் வலையிலும் விழும் வகை நண்டு அது. 2019-ல் வந்த அடுத்த வடிவம் 2 கி.மீ. ஆழம்வரை தாங்கும்.

அளக்கும் விதம் அழகானது. மெல்லிய உலோகப் படலம் சூடேறினால் அதன் மின்தடை கூடும். அதிலிருந்து வெப்பநிலை தெரியும். இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே மெத்தென்ற ரப்பர் இருக்கிறது. ஆழத்தில் நீர் அழுத்த, இடைவெளி குறைந்து மின்தேக்குத்திறன் மாறும். அந்த மாற்றம் ஆழத்தைச் சொல்லும். நீரைத் தொடும் இரு மின்முனைகளுக்கிடையே, உப்புக் கூடக்கூட மின்சாரம் எளிதாகப் பாயும்.

பெரிய குறை ஒன்று உண்டு. கடல்நீருக்குள் ரேடியோ அலை வெகுதூரம் போகாது. அந்த நண்டோ மீனோ மறுபடி அகப்பட்டால்தான் பதிவுகள் கைக்கு வரும். ஆகவே நாளைய புயலை எச்சரிக்க, செயற்கைக்கோளோடு பேசும் மிதவைக்கு இது மாற்றாகாது. ஓர் உயிர் எந்த நீரை நாடிப் போகிறது, எதை விட்டு விலகுகிறது என்று அறியவே இது பொருத்தமான கருவி.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குழாய்த் தண்ணீரில் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்து மின்தடையைப் பாருங்கள், பிறகு கல்லுப்பைக் கரைத்துப் பாருங்கள். உப்புமானியின் அடிப்படையைப் பிள்ளைகள் வகுப்பறையிலேயே கண்டுகொள்வார்கள்.