பேயைப் படமெடுக்கும் கேமரா: 'மெய்டன் ஆஃப் பிளாக் வாட்டர்' வாங்கலாமா?

பேய் விளையாட்டு என்றால் வழக்கமாக என்ன செய்வோம்? துப்பாக்கி கிடைத்தால் சுடுவோம், கிடைக்காவிட்டால் ஓடுவோம். 'மெய்டன் ஆஃப் பிளாக் வாட்டர்' என்ற இந்த ஜப்பானிய வீடியோ கேமில் துப்பாக்கியே கிடையாது. ஓடியும் பெரிய பயனில்லை, பேய் சுவருக்குள் புகுந்து வந்துவிடும். உங்கள் கையில் இருப்பது ஒரு பழைய கேமரா. படமெடுத்தால் பேயின் பலம் குறையும். மொத்த ஆயுதமும் அதுதான்.

இதை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேயோடு மோதும் நேரங்கள் அபாரம். இரண்டு மோதல்களுக்கு நடுவே நடக்கிற நடை பல இடங்களில் சலிப்பு. அந்தச் சலிப்பைப் பாதியாகக் குறைக்க வழி இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

கடையில் எந்தப் பெயரில் தேடுவது? இந்த வரிசைக்கு ஊருக்கொரு பெயர். ஜப்பானில் 'ஜீரோ', அமெரிக்காவில் 'ஃபேட்டல் ஃப்ரேம்', ஐரோப்பாவில் 'புராஜெக்ட் ஜீரோ'. மூன்றும் ஒன்றே. முதல் விளையாட்டு 2001-இல் வந்தது. நாம் பேசுவது ஐந்தாவது. 2014-இல் ஜப்பானில் நின்டெண்டோவின் வீ யூ கருவிக்கு மட்டும் வந்து, மறு ஆண்டு மற்ற நாடுகளுக்குப் போனது. அந்தக் கருவியை வாங்கியவர்கள் குறைவு என்பதால் விளையாட்டும் பலர் கண்ணில் படாமல் போயிற்று. 2021 அக்டோபரில் கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எல்லாவற்றுக்கும் மெருகேற்றி மறுபடி வெளியிட்டார்கள். நீங்கள் வாங்கப்போவது இந்தப் பதிப்பைத்தான்.

இதை 'சர்வைவல் ஹாரர்' (எதிரியை வெல்வதைவிட உயிரோடு தப்புவதே பெரிதாக இருக்கும் திகில் விளையாட்டு) என்கிறார்கள். 1996-இல் கேப்காம் நிறுவனத்தின் 'ரெசிடென்ட் ஈவில்' பரவலாக்கிய சொல் அது. தோட்டா, மருந்து, கையில் வைத்திருக்க இடம் எல்லாவற்றிலும் தட்டுப்பாடு வைப்பது இந்த வகையின் குணம். இந்த விளக்கத்தை நினைவில் வையுங்கள். நம் விளையாட்டு சறுக்குவது இங்கேதான்.

கதை என்ன? ஹிகாமி என்ற கற்பனை மலை. வாழ்வை முடித்துக்கொள்ள நினைப்பவர்கள் தேடி வரும் மலை என்று அதற்குக் கெட்ட பெயர். ஒரு காலத்தில் அங்கே ஆலயப் பணிப்பெண்கள் இருந்தார்கள். வருபவர்களைத் தொட்டு, அவர்களின் வேதனையைத் தங்களுக்குள் வாங்கிக்கொள்வது அவர்கள் வேலை. வாங்கி வாங்கிச் சுமை தாங்காத நிலை வந்ததும், அவர்களையே நீர் நிரம்பிய பெட்டிக்குள் வைத்து மலைக்குக் காணிக்கையாக்கி விடுவார்கள். இன்றைக்கு அந்த மலைக்குள் போய்க் காணாமல் போகிறவர்களை மூன்று பேர் தேடுகிறார்கள்: யூரி, ரென், மியூ. நீங்கள் மூவராகவும் மாறி மாறி ஆடுவீர்கள்.

கதையின் நடுவே இறந்தவருக்கும் உயிரோடு இருப்பவருக்கும் செய்துவைக்கும் திருமணம் ஒன்று வருகிறது. இது முழுக்கக் கற்பனையா என்று கேட்டால், வேர் உண்மையில் இருக்கிறது. வடக்கு ஜப்பானின் யமகாதா பகுதியில், மணமாகாமல் இறந்த பிள்ளைக்குத் திருமணம் நடப்பதுபோல ஒரு படம் வரையச் செய்து கோயிலில் வைக்கும் வழக்கம் உண்டு. படத்தில் வரும் துணை கற்பனை ஆளாகத்தான் இருக்க வேண்டும், உயிரோடு இருப்பவரை வரையக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. விளையாட்டின் கதை அந்தக் கட்டுப்பாட்டை மீறிப் போகிறது.

இனி கேமரா. படமெடுத்துப் பேயை எப்படி அடிப்பது?

கேமராவைத் தூக்கினால் திரை முழுக்க அந்தச் சட்டகம்தான். பேயைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்து அழுத்த வேண்டும். அடிபட்ட பேயிடமிருந்து துண்டுகள் பிரிந்து சுற்றிலும் மிதக்கும். பேயின் உடலையும் அந்தத் துண்டுகளையும் ஒரே படத்தில் எவ்வளவு அதிகமாக அடக்குகிறீர்களோ அவ்வளவு பலத்த அடி. சில சமயம் சட்டகத்தைக் குறுக்கே, நெடுக்கே திருப்பினால்தான் எல்லாம் உள்ளே அடங்கும்.

ஆனால் மிகப் பலத்த அடி வேறொன்று. பேய் உங்கள் மேல் பாயும் அந்தக் கண நேரத்தில் அழுத்தினால் அது நிலைகுலைந்து பின்னால் போகும். தொடர்ந்து மளமளவென்று பல படங்கள் எடுக்கலாம். அந்தக் கணத்துக்குப் பெயர்தான் 'ஃபேட்டல் ஃப்ரேம்'. இதனால் என்ன ஆகிறது தெரியுமா? மற்ற திகில் விளையாட்டுகளில் பயம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இங்கே முகத்தைத் திருப்பினால் தோற்பீர்கள். சிதைந்த அந்த முகம் திரையை அடைக்கும் வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறவருக்குத்தான் வெற்றி. இருபது ஆண்டுகளில் இந்த வகையில் வந்த எத்தனையோ யோசனைகளில் இதற்கு இணையாக நான் ஒன்றையும் வைக்க மாட்டேன்.

இரண்டு பேய்கள் சேர்ந்து வந்தால்? அப்போதுதான் கஷ்டம். ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றது முதுகுப் பக்கம் வந்துவிடும். அதனால் திறந்த வெளியில் நில்லுங்கள். குறுகிய அறையில் கேமரா சுவரைத்தான் காட்டும், பேயோ அந்தச் சுவருக்குள்ளிருந்து கை நீட்டும்.

பேயை வீழ்த்தியதும் ஓடிப்போய் அதைத் தொட்டால் அந்த மனிதரின் கடைசி நிமிடங்கள் சிறு காட்சியாக ஓடும். பழைய வீட்டு வீடியோபோலக் கரகரப்பான படம். எதிரியாக இருந்த உருவம் திடீரென்று ஓர் ஆளாகிவிடும். இதைப் பலரும் சண்டையை நிறுத்தும் தொந்தரவு என்பார்கள். எனக்கு இதுதான் விளையாட்டின் உயிர்.

தண்ணீர் என்று தலைப்பிலேயே இருக்கிறதே? ஆம். மழை, ஓடை, வெள்ளம் புகுந்த அறை என்று உங்கள் ஆள் நனைந்துகொண்டே இருப்பார். நனைந்த அளவைக் காட்ட ஓர் அளவுகோல் உண்டு. நனைய நனையப் பேய்கள் அதிகம் வரும், உங்களுக்குப் படும் அடியும் பலமாகும். கூடவே உங்கள் படங்களின் வீச்சும் ஏறும். கேட்க நல்ல பேரமாகத் தெரிகிறது. ஆட்டத்தில் அது அவ்வளவாகத் தைக்கவில்லை, ஏனென்றால் உலர்த்திக்கொள்ளும் பொருள் தாராளமாகக் கிடைக்கிறது.

சின்னதாக இன்னொரு நல்ல தந்திரம். தரையில் கிடக்கும் பொருளை எடுக்கப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். கை மெதுவாக நீளும். எப்போதாவது ஒரு முறை, இருட்டிலிருந்து இன்னொரு கை வந்து உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கும். எப்போது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு மருந்துக் குப்பியையும் பயந்து பயந்துதான் எடுப்பீர்கள். முதல் சில மணி நேரம் இது பிரமாதம். பிறகு அந்த மெதுவான கையே எரிச்சலாகிவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மலையை விட்டு வெளியே, பழம்பொருள் கடை ஒன்றில் நடக்கும் பகுதியை மட்டும் தவறவிடாதீர்கள். இரவில் கண்காணிப்புக் கேமராக்களின் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட எதுவும் நடக்காது. பிறகு ஒரு திரையில் ஏதோ அசையும்.

சரி, குறை என்ன? முதல் குறை, போன இடத்துக்கே திரும்பத் திரும்ப அனுப்புவது. விளையாட்டு அத்தியாயங்களாகப் பிரிந்திருக்கிறது. அதே காடு, அதே பொம்மைக் கோயில், அதே மலைப்பாதை. யூரி போன வழியில் ரென் போவார், ரென் போன வழியில் மியூ போவார். முதல்முறை அந்தப் பொம்மைகளின் முன்னால் விளக்கைத் திருப்பவே கை வராது. மூன்றாம் முறை கதவு எந்தப் பக்கம் என்று தெரிந்து நேரே நடப்பீர்கள். திகிலுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. கதையை முடிக்க ஏறத்தாழ 12 முதல் 15 மணி நேரம் ஆகும். அதில் மூன்றில் ஒரு பங்கை வெட்டியிருந்தால் இது பெரிய விளையாட்டு ஆகியிருக்கும்.

இரண்டாவது குறை, தாராளம். சர்வைவல் ஹாரர் என்றால் தட்டுப்பாடு என்றேன் அல்லவா? இங்கே சாதாரண பிலிம் தீரவே தீராது. பலமான பிலிம்களும் மருந்துகளும் வழியெங்கும் கிடைக்கின்றன. போதாததற்கு, படமெடுத்துச் சேர்த்த புள்ளிகளைக் கொடுத்து ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் முன்னால் கடையில் வாங்குவதுபோல வாங்கிக்கொள்ளலாம். கடினமான நிலைகளோ ஒருமுறை முடித்த பிறகுதான் திறக்கும்.

மூன்றாவது, நடை. ஆட்கள் நடப்பதும் திரும்புவதும் ரயில் பெட்டியைத் திருப்புவதுபோல இருக்கும். கதவுச் சட்டத்தில் மோதி நிற்பார்கள். பயத்துக்காக வேண்டுமென்றே இப்படி வைத்தார்கள் என்று வாதாடுபவர்கள் உண்டு. படிக்கட்டில் சிக்கி நிற்பதில் பயம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

கதையும் நேராகச் சொல்லப்படுவதில்லை. கிழிந்த நாட்குறிப்பு, செய்தித்தாள் துண்டு, புகைப்படத்தின் பின்னால் இருக்கும் குறிப்பு என்று சிதறிக் கிடக்கும். படிக்காமல் ஓடினால் கடைசியில் யார் யாருக்கு என்ன உறவு என்றே தெரியாது. தமிழ் வசன வரிகள் கிடையாது. ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும். குரலை ஜப்பானிய மொழிக்கு மாற்றிவிட்டு ஆங்கில எழுத்தைப் படியுங்கள். ஆங்கிலக் குரல்களில் பாதி பேர் தூக்கக் கலக்கத்தில் பேசுகிறார்கள்.

பெண் பாத்திரங்களுக்கு அரைகுறை உடைகளைப் பரிசாகத் தருவதும் உண்டு. சாவைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு கதை சொல்கிறவர்கள் அதையும் எதற்குச் செய்கிறார்களோ! அணிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, விட்டுவிடலாம்.

சலிப்பைக் குறைக்க என்ன செய்யலாம்? ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். தொடர்ந்து ஆடினால் ஒரே இடம் மறுபடி வருவது உறுத்தும், இடைவெளி விட்டால் அவ்வளவு உறுத்தாது. அத்தியாயத்துக்கு முன்னால் பொருள் வாங்கவே வாங்காதீர்கள். புள்ளிகளைக் கேமராவின் திறனைக் கூட்ட மட்டும் செலவழியுங்கள். இந்த ஒரு விரதம் தட்டுப்பாட்டைக் கொஞ்சமாவது திருப்பிக் கொண்டுவரும்.

கணினியில் ஆடலாமா? ஆடலாம், கன்ட்ரோலர் இருந்தால். விசைப்பலகையிலும் மவுஸிலும் இந்த விளையாட்டு ஒத்துழைக்காது. ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: கருவியையே கேமராபோலப் பிடித்துச் சாய்த்துக் குறி பார்க்கலாம். வீ யூவில் இந்த விளையாட்டை உருவாக்கியதே அப்படி ஆடுவதற்காகத்தான்.

பணம் வீணாகுமோ என்ற தயக்கமா? ஸ்டீம் கடையில் வாங்கினால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேமராவின் சுவை பிடிக்கிறதா என்று பார்க்க அந்த 2 மணி நேரம் போதும். ஆனால் நான் சொன்ன சலிப்பு அதற்குள் தெரியாது, பாதி கடந்த பிறகுதான் தலைகாட்டும். அதனால் முழு விலை கொடுக்காமல் தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள்.

யாருக்கு வேண்டாம்? அமெரிக்காவில் இதை 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்த எல்லையை நம் வீட்டிலும் மதிப்பது நல்லது. இரத்தம் இங்கே குறைவுதான். ஆனால் மனிதர்கள் தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன, பேய்களைத் தொடும்போதெல்லாம் அருகில் நின்று பார்க்க வைக்கின்றன. அப்படி ஒருவரை இழந்த வீட்டில் இருப்பவர்களும், மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில் இருப்பவர்களும் இதை ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு நல்ல விளையாட்டாக இருந்தாலும் சரி.

முந்தைய நான்கையும் ஆடியிருக்க வேண்டுமா? தேவையில்லை. முதல் விளையாட்டின் நாயகியான மிக்குவின் மகள்தான் மியூ. அந்த ஓர் இழையைத் தவிர மற்றதெல்லாம் தனிக் கதை. முடித்ததும் ஒரு கூடுதல் அத்தியாயம் திறக்கும். அயானே என்ற பெண், வேறொரு சண்டை விளையாட்டிலிருந்து விருந்தாளியாக வருபவள், கேமரா இல்லாமல் ஒளிந்து ஒளிந்து போவாள். கேமராவுக்காக வாங்கியவருக்கு அதில் ஒன்றுமில்லை. அந்த நேரத்துக்கு நான்காவது விளையாட்டான 'மாஸ்க் ஆஃப் தி லூனார் எக்லிப்ஸ்' பக்கம் போகலாம். 2008-இல் ஜப்பானில் மட்டும் வந்தது. 2023 மார்ச்சில்தான் மற்ற நாடுகளுக்கு முதன்முறையாகக் கிடைத்தது, இதே கருவிகளில் ஓடும்.