பின்சீட் ஃபுட்ரெஸ்ட் உடைஞ்ச ஸ்டண்ட் பைக்: போல்ட்டும் பைப்பும் போட்டா தாங்குமா?

வீலிங் வீடியோ ஏதாவது ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. முன்சக்கரம் மேலே போனதும் ஓட்டுபவர் எழுந்து நிற்பார். வலது கால் பின் பிரேக் பக்கத்திலேயே இருக்கும். இடது கால் எங்கே? பெரும்பாலும் பின்சீட் ஆளுக்கான ஃபுட்ரெஸ்ட்டில்.

ஸ்டண்ட் பைக்கில் அது ஓட்டுபவரின் எடையைத் தாங்குகிற படி. அடிக்கடி கீழே விழுகிற பைக் என்பதால் சீக்கிரம் உடைகிற பாகங்களில் அதுவும் ஒன்று. உடைந்ததும் ஒரிஜினல் ஸ்பேருக்குக் காத்திருக்க மாட்டார்கள். நீளமான ஒரு போல்ட், அதன்மேல் ஒரு துண்டு இரும்பு பைப், ரெண்டு வாஷர், ஒரு நட். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பிஎம்எக்ஸ் சைக்கிளின் ஆக்ஸிலில் உருளையாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமே, அதே யோசனைதான்.

மூடிய மைதானத்தில், தனியாக ஓட்டுகிற வரை அது அவரோட ரிஸ்க். அதே பைக் ரோட்டுக்கு வந்து, பின்னால் தங்கச்சியோ நண்பனோ ஏறும்போதுதான் சிக்கல். கால் வைக்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று பின்னால் உட்காருகிறவருக்குத் தெரியாது.

கம்பெனி ஃபுட்ரெஸ்ட்டில் என்ன இருக்கு?

ஸ்போர்ட்ஸ் டைப் பைக்குகளில் பின் ஃபுட்ரெஸ்ட்டைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரு அலுமினிய வார்ப்பு பிராக்கெட். அது பின்சீட்டுக்குக் கீழே இருக்கும் சப்ஃபிரேமில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். வலது பக்க பிராக்கெட்டில் பல பைக்குகளில் சைலன்சரும் தொங்கும். அதனால் அது உடைந்தால் சைலன்சருக்கும் பிடி போச்சு.

வார்ப்பு அலுமினியம் இரும்பு மாதிரி வளைந்து எச்சரிக்கை கொடுக்காது. விரிசல் விட்டு, திடீர்னு முறியும். சாதாரண ஆர்க் வெல்டிங் வைத்து அதை ஒட்ட முடியாது. ஆர்கான் வெல்டிங் வேண்டும், அதுவும் கைதேர்ந்தவர் செய்ய வேண்டும்.

8 மி.மீ. போல்ட் மேல 70 கிலோ ஆள் நின்னா?

இங்கேதான் கணக்கு உதைக்குது. 70 கிலோ எடையுள்ளவர் பிராக்கெட்டிலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரே காலில் நிற்கிறார் என்று வைப்போம். போல்ட்டின் அடியில் விழுகிற வளைப்பு விசை சுமார் 55 நியூட்டன் மீட்டர். தலையில் 8.8 என்று அச்சிட்ட, நல்ல ஹை டென்சைல் 8 மி.மீ. போல்ட்டே தனியாக நின்றால் சுமார் 20 நியூட்டன் மீட்டரில் நிரந்தரமாக வளைய ஆரம்பிக்கும். 10 மி.மீ. போல்ட்டுக்கு சுமார் 40. 12 மி.மீ. போட்டால் சுமார் 70 வரை. ஆள் அசையாமல் நிற்கும்போதுதான் இந்தக் கணக்கு. பள்ளத்தில் பைக் குதித்தாலோ, வீலிங்கில் இருந்து முன்சக்கரம் தரையில் விழுந்தாலோ சுமை ஒரு நொடியில் ரெண்டு மடங்காகலாம்.

அப்புறம் எப்படி அந்த பைப் வைத்த ஃபுட்ரெஸ்ட் கொஞ்ச நாளாவது தாங்குது? இறுக்கத்தால்தான். போல்ட்டை நன்றாக இறுக்கினால் பைப்பின் வாய் பிராக்கெட்டோடு அழுந்தி உட்காரும். அப்போது வளைப்பைத் தாங்குவது பைப்பின் அகலமான வட்டம். போல்ட் இழுத்துப் பிடிக்கிற வேலையை மட்டும் செய்கிறது. நட் கொஞ்சம் தளர்ந்தால் போதும், பைப் ஆட ஆரம்பிக்கும், மொத்தச் சுமையும் மெல்லிய போல்ட் மேல் வந்துவிடும். பைக்கின் அதிர்வில் சாதாரண நட் தளர்வது சகஜம். அதனால்தான் நேற்று ஏறி நின்று சோதித்தபோது 'கல்லு மாதிரி' இருந்தது, அடுத்த வாரம் பாதி வழியில் முறிகிறது. பைப் வாயை ஹேக்ஸா பிளேடால் கோணலாக அறுத்திருந்தால் இறுக்கமும் ஒழுங்காகக் கிடைக்காது. லேத்தில் கொடுத்துச் சமமாக முகம் எடுக்க வேண்டும். பலரும் அதைச் செய்வதில்லை.

போல்ட் தலையில் இருக்கிற எண்ணையும் பாருங்க. 8.8 என்றால் முறிவதற்கு முன் 800 மெகாபாஸ்கல் வரை தாங்கும். அதில் 80 சதவீதம், அதாவது 640-ல் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும். 4.6 போல்ட்டுக்கு அது வெறும் 240. பளபளன்னு இருக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் பலமானது என்று நினைக்கிறோம். கடையில் பொதுவாகக் கிடைக்கிற ஏ2-70 ரகத்துக்கு 450தான். துரு பிடிக்காது என்பது வேறு, வளையாது என்பது வேறு. தலையில் எண்ணே இல்லாத போல்ட்டை இந்த இடத்தில் போடவே கூடாது.

கட்டட வேலைக்கான முறுக்குக் கம்பியை வெட்டி சப்ஃபிரேமில் வெல்டிங் அடிப்பதும் உண்டு. மெல்லிய பைப்பில் வெல்டிங் வைத்தால் அதை ஒட்டிய பகுதி பலவீனமாகலாம். ஃபுட்ரெஸ்ட் பிழைச்சு ஃபிரேம் முறிஞ்ச கதையாகிவிடும்.

மடங்காதது இன்னொரு ஆபத்து

கம்பெனி ஃபுட்ரெஸ்ட் மடங்குவது இடத்தை மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை. பைக் சரியும்போது தரையில் பட்டால் அது மேலே மடங்கி வழிவிடும். போல்ட்-பைப் மடங்காது. கீழே விழுந்தால் தரையில் குத்தி, பிராக்கெட்டையோ சப்ஃபிரேமையோ நெம்பும். மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் முனை கெண்டைக்காலைக் கிழிக்கவும் செய்யும்.

வழவழப்பான பைப் மழையில் வழுக்கும். அதற்கு சைக்கிள் ஹேண்டில் கிரிப் ஒன்றை மாட்டுவார்கள். அது கால் பட்டாலே சுற்றும். வழுக்குகிற கால் எங்கே போகும்? ஒரு பக்கம் சூடான சைலன்சர், உள்பக்கம் ஸ்போக்ஸ் அல்லது செயின். குழந்தைகளின் குதிகால் சக்கரத்தில் மாட்டுவது எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிற காயம்.

ஆனா எல்லா ஒட்டுவேலையும் தப்பு கிடையாது. ஃபுட்ரெஸ்ட் நல்லா இருந்து, அதை மாட்டுகிற பின் மட்டும் தொலைந்திருந்தால், அதே தடிமனில் ஒரு 8.8 போல்ட்டும் நைலான் வளையம் வைத்த லாக் நட்டும் போடலாம். போல்ட்டின் மரை இல்லாத பகுதி ஓட்டைக்குள் வர வேண்டும், அவ்ளோதான். இங்கே போல்ட்டில் விழுவது வெட்டு விசை, அதை அது சுலபமாகத் தாங்கும். பின்னுக்குப் பதில் ஆணி அடித்து வளைத்துவிடுவது மட்டும் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 123-வது விதிப்படி, பின்சீட் உள்ள மோட்டார் சைக்கிளில் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதியையாவது மூடுகிற தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். சேலை கார்டு என்று நாம் சொல்வது அந்தத் தடுப்பைத்தான். ஸ்டண்ட் பைக் ஆக்குபவர்கள் முதலில் கழற்றி வீசுவதும் இதையெல்லாம்தான்.

அனுமதியில்லாத மாற்றம் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உடைந்த பாகத்துக்குப் பதில் அதே பாகத்தைப் போடுவது ரிப்பேர், அதில் பிரச்னை இல்லை. பழுது இருப்பது தெரிந்தே ரோட்டில் ஓட்டினால் 190-வது பிரிவு: 1,500 ரூபாய் அபராதம். அந்தப் பழுதால் விபத்து நடந்து யாருக்காவது காயம் என்றால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய்.

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குறீங்களா?

விற்பவர் 'ஸ்டண்ட் எல்லாம் பண்ணல ப்ரோ' என்பார். பின் ஃபுட்ரெஸ்ட் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா, மேலே மடங்குகிறதா, பிராக்கெட்டில் தலைமுடி அளவு கோடு ஏதாவது தெரிகிறதா, சப்ஃபிரேமில் புது பெயின்ட்டுக்குக் கீழே வெல்டிங் மேடு இருக்கிறதா என்று பாருங்க. பின்சக்கர செயின் ஸ்ப்ராக்கெட் வழக்கத்தை விடப் பெரிதாக இருந்தால் அதுவும் ஒரு துப்பு. வீலிங் சுலபமாக வர அதை மாற்றுவார்கள்.

பழைய உதிரிபாகத்துக்கு சென்னையில் புதுப்பேட்டை, புது ஆக்சஸரிஸுக்கு ஜி.பி. ரோடு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய பிராக்கெட் வாங்கினால் அதுவும் ஏதோ ஒரு விபத்து பைக்கில் இருந்து கழற்றியதாக இருக்கலாம். சர்வீஸ் சென்டரில் ஃபுட்ரெஸ்ட், பின், ஸ்பிரிங், பிராக்கெட் எல்லாம் பல மாடல்களுக்குத் தனித்தனியாகவே கிடைக்கும். பார்ட் நம்பர் சொல்லிக் கேளுங்க. அது வந்து சேருகிற வரை, பின்னால் யாரையும் ஏற்றாம ஓட்டுங்க.