எடை குறைந்தவர்களின் களம்

குத்தின் வலு கையில் மட்டும் இல்லை, அந்தக் கைக்குப் பின்னால் வரும் உடலின் கனத்திலும் இருக்கிறது என்பதால், குத்துச்சண்டையில் இருவரை மேடையேற்றுவதற்கு முன் அவர்களுடைய திறமைக்கும் முன்னதாக எடையே பார்க்கப்படுகிறது. தடகளத்தில் இந்தக் கேள்வி எழுவதில்லை. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் திருச்சியைச் சேர்ந்த சுபா வெங்கடேசனும் லால்குடிப் பகுதியைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவும் ஒரே இந்திய அணியில் ஓடியபோது, அவர்கள் எத்தனை கிலோ என்று எவரும் கேட்கவில்லை. திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ உள்ள மெலிந்த உடல்வாகு கொண்ட ஒரு பெண் குத்துச்சண்டைக்கு வர விரும்பினால் அவள் முதலில் ஏற வேண்டியது எடைத்தராசின் மீதுதான். அந்தத் தராசு காட்டும் எண்ணே அவளுடைய எதிராளியையும், பல வேளைகளில் அவளுடைய எதிர்காலத்தையும் தீர்மானித்துவிடுகிறது.

பணத்துக்காக ஆடப்படும் தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஆண்களுக்கான மிகக் குறைந்த பிரிவு 47.6 கிலோ ஆகும். 'மினிமம்வெயிட்' எனப்படும் இப்பிரிவுக்கு 1987இல்தான் உலகப் பட்டங்கள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றுள் ஒன்றை அதே ஆண்டில் வென்றவர் ஜப்பானின் ஹிரோகி இயோகா, அப்போது அவருக்கு வயது 18. சிறிய உடலை ஒரு குறையாகக் கருதாமல், அதற்கேற்ற வேகத்தையும் கால் நகர்வையும் பயிற்றுவிக்கும் கூடங்களை வளர்த்த நாடு ஜப்பான். 2015இல் கோசெய் தனாகா தம்முடைய ஐந்தாவது தொழில்முறைப் போட்டியிலேயே, 19 வயதில், இதே பிரிவின் உலகப் பட்டத்தை வென்றது அந்தப் பயிற்சி மரபின் பயனே. இப்பிரிவின் ஆபத்தும் அங்கேயே வெளிப்பட்டது. குமமோட்டோவில் பிறந்து 23 வயதில் உலகப் பட்டம் வென்ற கின்ஜிரோ ஷிகெஓகா, இழந்த பட்டத்தை மீட்க 2025 மே மாதம் ஒசாகாவில் ஆடிய போட்டிக்குப் பின் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு அறுவை சிகிச்சைக்கு உள்ளானார். எடை குறைந்தவர்களின் குத்து இலேசானது என்று எண்ணுவோர் அவருடைய வரலாற்றை அறிய வேண்டும்.

பணத்துக்கன்றி மாநிலத்துக்காகவும் நாட்டுக்காகவும் ஆடப்படும் அமெச்சூர் குத்துச்சண்டையில் பெண்களுக்கான கடைசிப் பிரிவு 48 கிலோ. தமிழ்நாட்டிலிருந்து இப்பிரிவில் எழுந்த பெயர் கலைவாணி சீனிவாசன். 1999இல் சென்னையில் பிறந்த இவருடைய தந்தையும் அண்ணனும் குத்துச்சண்டை வீரர்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகளின் (குத்துச்சண்டைக் குழுக்களின்) பெயரால் குத்துச்சண்டையை வளர்த்த பூமி வடசென்னை; அந்தப் பரம்பரைகளின் புகழ் முழுவதும் ஆண்களைப் பற்றியது. ஆகவே ஒரு தந்தை தம் மகனோடு மகளுக்கும் கையுறை மாட்டிப் பழக்கியதை இங்குச் சாதாரணச் செய்தியாகக் கடந்துவிட முடியாது. கர்நாடகத்தின் விஜயநகரில் 2019 சனவரியில் முடிந்த தேசிய மகளிர் போட்டியில் 48 கிலோ பிரிவின் இறுதிவரை சென்று, பஞ்சாபுக்காக ஆடிய மஞ்சு ராணியிடம் தோற்று வெள்ளி வென்ற கலைவாணி, அப்போட்டியின் நம்பிக்கைக்குரிய வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரை வென்ற மஞ்சு ராணி அதே ஆண்டு அக்டோபரில் ரஷ்யாவின் உலான் உடேயில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார் என்பதைக் கொண்டு, விஜயநகர் இறுதிப் போட்டியின் தரத்தை அறியலாம். டிசம்பரில் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில், சொந்த மண்ணில் ஆடிய நேபாள வீராங்கனையை இறுதியில் வென்று கலைவாணி தங்கம் பெற்றபோது அவருக்கு வயது 20.

இருபது வயதில் தெற்காசியத் தங்கம் பெற்ற ஒருவர் அடுத்து ஒலிம்பிக்கை நோக்குவது இயல்பு. 48 கிலோவினருக்கு அந்த வாசல் இல்லை. பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 2012இல் மிகக் குறைந்த பிரிவு 51 கிலோ. 2024 பாரிஸில் அது 50 கிலோ. 45 முதல் 48 கிலோ வரையிலான பிரிவுகளில் 2010க்குள் ஐந்து உலகப் பட்டங்களை வென்றிருந்த மேரி கோம், 2012 லண்டன் ஒலிம்பிக்குக்காகத் தம் உடலை 51 கிலோவுக்கு உயர்த்தித் தம்மைவிட உயரமானவர்களோடு மோதி வெண்கலம் வென்றார். அவருடைய ஆறாவது உலகப் பட்டம் 2018இல் டெல்லியில் 48 கிலோவில் கிடைத்தது என்பது, அவருடைய உடலுக்கு உகந்த பிரிவு எது என்பதைக் காட்டுகிறது.

ஆண்களுக்கு 1968 முதல் இருந்த மிகக் குறைந்த ஒலிம்பிக் பிரிவும் 2016 ரியோ ஒலிம்பிக்கோடு முடிந்தது. ரியோவில் அப்பிரிவின் தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தானின் ஹசன்பாய் துஸ்மதோவை 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியின் இறுதியில் வீழ்த்திய ஹரியானாவின் அமித் பங்கால், அடுத்த ஒலிம்பிக்கில் தம் 49 கிலோ பிரிவே இல்லாததால் 52 கிலோவுக்கு மாறினார். 2019இல் உலக வெள்ளி பெற்ற அவர் டோக்கியோவில் முதல் போட்டியிலேயே வெளியேறினார். பெண்களுக்கான பிரிவுகளை மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்த ஆண்களுடையவை பத்திலிருந்து எட்டாகக் குறைக்கப்பட்டன என்பது அந்த மாற்றத்துக்கான காரணம். நோக்கம் நியாயமானது. ஆனால் அவ்வாறு கிடைத்த இடங்களிலும் எடை குறைந்த பெண்களுக்கு ஒன்றுகூட ஒதுக்கப்படவில்லை என்பதே வருத்தத்துக்குரியது.

48 கிலோ உடலில், 50 கிலோவை எட்டச் சேர்க்க வேண்டிய இரண்டு கிலோ என்பது நான்கு விழுக்காட்டுக்கு மேல். பெரிய பிரிவுகளில் இருப்போர் எடையைக் குறைக்க, போட்டிக்கு முந்தைய நாள்களில் உணவையும் நீரையும் சுருக்கி, வியர்வையாக உடலின் நீரை வெளியேற்றுவர். பாரிஸில் 50 கிலோ மல்யுத்த இறுதிக்கு முன் வினேஷ் போகத் 100 கிராம் கூடுதலாக இருந்து தகுதி இழந்ததை நாடு முழுவதும் அறியும். கீழே இருந்து மேலேறுவோரின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. சேர்க்கும் கனம் தசையாக வேண்டும், வேகம் குறையக் கூடாது; எதிரில் நிற்பவரோ அதிக எடையிலிருந்து வற்றி இறங்கியவராக, எலும்பிலும் கை நீளத்திலும் கூடியவராக இருப்பார். இந்தியாவில் பாரிஸுக்கான அந்த 50 கிலோ இடத்துக்குப் போட்டியிட வேண்டியிருந்தது இருமுறை உலகப் பட்டம் வென்ற நிகத் ஜரீனோடு.

இந்தச் சூழலில்தான் கலைவாணி 48 கிலோவிலேயே தொடர்ந்து ஆடி, 2022 டிசம்பரில் போபாலில் நடந்த தேசியப் போட்டியின் இறுதிக்கு மீண்டும் வந்து, மீண்டும் மஞ்சு ராணியிடமே தோற்றார். ஒலிம்பிக்கில் இல்லாத ஒரு பிரிவில் நான்கு ஆண்டு இடைவெளியில் இருமுறை தேசிய இறுதிவரை வந்ததைத் தமிழ்நாட்டின் விளையாட்டு வரலாறு ஒலிம்பிக் அளவுகோலைக் கொண்டு மதிப்பிடுமானால், அது அவருக்கு இழைக்கப்படும் அநீதி. அதே 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 48 கிலோ பிரிவு இடம்பெற்று, ஹரியானாவின் நீது கங்காஸ் அதில் தங்கம் வென்றார். மறு ஆண்டு டெல்லியில் உலகப் பட்டத்தையும் அவர் கைக்கொண்டார். அங்கே களம் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள்.