பிளைவுட் மீன் தொட்டி: பெட்டிக்கு 15,000 ரூபாய், மீதி செலவு எங்க ஒளிஞ்சிருக்கு?

8 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரத்துல ஹால்லயே ஒரு மீன் தொட்டி. முழுக்க கண்ணாடியில செஞ்சா பட்ஜெட் எகிறிடும். அதனால பிளைவுட்ல பெட்டி அடிச்சு, முன்பக்கம் மட்டும் கண்ணாடி வெச்சு, உள்ளே வாட்டர்ப்ரூஃப் பண்ணிக்கலாம்னு சிலர் இறங்குறாங்க. நல்ல ஐடியாதான். ஆனா பெரும்பாலும் பெட்டிக்கு மட்டும்தான் கணக்கு போடுறாங்க.

பெட்டிக்கு 8×4 ஷீட் நாலு போதும், மொத்தம் 128 சதுர அடி. ஐஎஸ் 710 முத்திரை இருக்கிற 19 மி.மீ. மரைன் பிளைவுட், சதுர அடி 120 ரூபாய்னு வெச்சுக்குங்க. 15,360 ரூபாய். அட, இவ்வளவுதானான்னு தோணும்!

இப்போ தண்ணிக்கு வாங்க. 8×4×3 = 96 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். விளிம்பு வரைக்கும் நிரப்பினா சுமார் 2,700 லிட்டர், அதாவது 2.7 டன். ஒரு சதுர மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல வருது. வீட்டுத் தளத்துக்கு ஐஎஸ் 875 சொல்ற கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோதான். நாலரை மடங்கு! ஓரமா வைக்கிற சின்னத் தொட்டி பரவாயில்ல, அதோட மொத்த எடை கம்மி. இது அப்படி இல்ல. மாடி வீடுன்னா, ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் பார்த்து எழுத்துல ஓகே சொல்லாம தொடவே தொடாதீங்க. அவருக்குக் கொடுக்கிற ஃபீஸும் இந்தத் தொட்டியோட விலைதான். கீழே பார்க்கிங் இல்லாம, நேரா மண்ணு மேல இருக்கிற தரைத்தளம்தான் இதுக்கு சரியான இடம்.

எடை கீழ்நோக்கி மட்டும் இல்ல. 3 அடி தண்ணி, 8 அடி நீளச் சுவரை வெளிப்பக்கமா தள்ளுற விசை கிட்டத்தட்ட ஒரு டன். அதனால வெளியில சுத்தி கட்டை ஃபிரேம், மேல குறுக்குக் கட்டை எல்லாம் கண்டிப்பா வேணும். கண்ணாடியை உள்பக்கம் இருந்து ஒட்டணும். அப்பதான் தண்ணியோட அழுத்தமே அதை ஃபிரேமோட சேர்த்துப் பிடிக்கும். இந்த சைஸ்ல முழு முகப்புக்கும் 12 மி.மீ. கண்ணாடி போதும்னு யாராவது சொன்னா, வேற கடை பாருங்க.

அடுத்து வாட்டர்ப்ரூஃப். பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். மரைன்னா தண்ணி இறங்காதுன்னு அர்த்தம் இல்ல; உள்ளே இருக்கிற பசை விடாது, அவ்வளவுதான். மரம் தண்ணி குடிக்கும், அதுவும் அறுத்த விளிம்பு வழியா ரொம்ப வேகமா. உள்பக்கம் சுமார் 100 சதுர அடி பூசணும். மூலைகள்ல ரெசின்ல நனைச்ச ஃபைபர் மேட், அதுக்கு மேல குடிநீர்த் தொட்டிக்கு ஏத்த எபாக்சி ரெண்டு மூணு கோட்டிங். முதல் கோட் ஒரு நிறம், ரெண்டாவது வேற நிறம் அடிங்க. விட்டுப்போன ஊசித்துளை பளிச்னு தெரியும். மொட்டை மாடிக்கு அடிக்கிற கெமிக்கல் வேண்டாம், அதுல பூஞ்சைக்கொல்லி இருந்தா மீன் செத்துடும். சிலிக்கானும் அப்படித்தான், பூஞ்சைக்கொல்லி கலக்காதது வாங்குங்க. மழைக்கால ஈரத்துல எபாக்சி சரியா இறுகாது. பூசும்போது ஜன்னல் திறந்திருக்கணும், மாஸ்க், கையுறை ரெண்டும் வேணும்.

நல்லா காய்ஞ்சதும் 1 அடி தண்ணி விட்டு ஒரு நாள், 2 அடிக்கு ஒரு நாள், முழுசா நிரப்பி ஒரு வாரம் பாருங்க. ஒழுகினா 2,700 லிட்டரையும் எங்க, எப்படி வெளியேத்துறதுன்னு நிரப்புறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. மீனை உடனே விட்டுடாதீங்க. ஃபில்டர்ல நல்ல பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். நம்ம ஆளுங்களுக்கு ஒத்துவராத ஒரே ஸ்டெப் இதுதான்! ஞாயித்துக்கிழமை கொளத்தூர் போனா கை சும்மா இருக்காது.

இனி மாசச் செலவு. 100 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினா 2.4 யூனிட், 50 வாட் லைட் 8 மணி நேரத்துக்கு 0.4 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 168 யூனிட். நீங்க ஏற்கனவே எரிக்கிற யூனிட்டுக்கு மேல இது ஏறுறதால, தமிழ்நாட்டு பில்லுல மேல் ஸ்லாப் ரேட்தான் இதுக்கு விழும். வாரம் 20 சதவீதம் தண்ணி மாத்தினா 540 லிட்டர். அபார்ட்மெண்ட்ல லாரித் தண்ணி வாங்குற மாசத்துல அசோசியேஷன்ல பஞ்சாயத்து நிச்சயம். கரண்ட் போனா ஏர் பம்ப் ஓட பேட்டரி பேக்கப்பும் சேர்த்துக்குங்க.

வாடகை வீட்ல இருக்கிறவங்களுக்கு என் அபிப்பிராயம்: வேண்டாம். டிரான்ஸ்ஃபர் வந்தா 8 அடிப் பெட்டி லிஃப்ட்ல நுழையாது, உடைச்சுத்தான் எடுக்கணும். ரீசேல்ல கண்ணாடிக்கும் பம்புக்கும் ஏதோ கிடைக்கும், மத்தது விறகு. தரை ஊறினா அட்வான்ஸும் போச்சு.

சொந்த வீடுன்னா, ஹோம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு ரெண்டே கேள்வி கேளுங்க: நானே செஞ்ச தொட்டி உடைஞ்சு என் வீடு பாழானா கிளெய்ம் உண்டா? பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆகிற சேதமும் அதுல சேருமா? பதில் மெயில்ல வந்த அப்புறம் பிளைவுட் கடைக்குப் போங்க.